கருப்புப் பாலத்து ரசிகர்கள் கேட்பது என்ன?

2025 அக்டோபர் 25 அன்று பிரேசில் நாட்டின் காம்பினாஸ் நகரில் ஓர் உள்ளூர்க் கால்பந்து அணி, லொண்ட்ரினா என்ற அணியை 2-0 என வென்று கோப்பையைத் தூக்கியது. உலகக் கோப்பை அல்ல. பிரேசிலின் முதல் டிவிஷன் கோப்பையும் அல்ல, இரண்டாம் டிவிஷன் கோப்பையும் அல்ல. மூன்றாம் டிவிஷன். நம் ஊர்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரிக்குக்கூட இடம் கிடைக்காத செய்தி. ஆனால் அந்த அணிக்கு வயது 125. அத்தனை ஆண்டுகளில் தேசிய அளவில் அது வென்ற முதல் கோப்பை இதுதான்.

அணியின் பெயர் போன்டே பிரெட்டா. போர்ச்சுகீசிய மொழியில் 'கருப்புப் பாலம்' என்று பொருள். 2026 சீசனில் மீண்டும் இரண்டாம் டிவிஷனில் ஆட அது இடம் பெற்றது. அந்த ரசிகர்கள் அடுத்த சீசனில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

சேரியின் கோரிக்கைகளும் பஞ்சமி நிலமும் எழுத வேண்டிய இடத்தில் பிரேசில் கால்பந்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துப் பிள்ளைகள். நெய்மார் பெயர் போட்ட மஞ்சள் பனியனை அணிந்து வருகிற பையன்கள் இரண்டு பேர் ஒருநாள் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். "அண்ணே, இந்த டீமுக்குச் செல்லப் பேரு குரங்காம். அவங்க ஆளுங்களே கொடியில குரங்கு படம் போட்டுருக்காங்க. எதுக்குண்ணே அப்படிப் போட்டுக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நாங்கள் காம்பினாஸ் போய்ச் சேர்ந்தோம்.

பாலத்தில் பூசிய தார்

காம்பினாஸ், சாவோ பாவ்லோ மாநகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபித் தோட்டங்களால் கொழுத்த ஊர். தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். பிரேசிலுக்கு மட்டும் அப்படி வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். வேறு இடங்களில் அடங்காத அடிமையை மிரட்ட, "உன்னைக் காம்பினாஸுக்கு விற்றுவிடுவேன்" என்று சொல்வார்களாம். அந்த ஊரின் கொடுமைக்கு அப்படியொரு பேர். அமெரிக்கக் கண்டங்களிலேயே அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். 1888 மே 13-ஆம் தேதி சட்டம் வந்தது. நிலமோ கூலி பாக்கியோ நஷ்ட ஈடோ எதுவும் கொடுக்கவில்லை. 'நீ இனி அடிமை இல்லை, போ' என்றார்கள்.

அதற்குப் பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1900 ஆகஸ்ட் 11-இல் போன்டே பிரெட்டா தொடங்கப்பட்டது. ஊரின் ஓரத்தில் ரயில் பாதைக்காகக் கட்டிய மரப்பாலம் ஒன்று இருந்தது. மரம் உளுத்துப் போகாமல் இருக்கத் தார் பூசியிருந்தார்கள். அதனால் அது கருப்புப் பாலம். பாலத்தின் பெயர் அந்தக் குடியிருப்புக்கு வந்தது, குடியிருப்பின் பெயர் அணிக்கு வந்தது. பள்ளி மாணவர்களும் ரயில்வே தொழிலாளிகளும் சேர்ந்து ஆடிய அணி அது. அந்த முதல் ஆண்டுகளிலேயே மிகெல் டோ கார்மோ என்ற கருப்பின இளைஞர் அதில் ஆடினார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரேசில் கால்பந்தின் முதல் கருப்பின வீரர் அவரே என்று கிளப் உரிமை கொண்டாடுகிறது.

இது பெரிய விஷயமா என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்றைக்குக் கால்பந்து என்பது பிரேசிலில் இங்கிலீஷ் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். ரியோ நகரத்துப் பெரிய கிளப்புகளில் கருப்பினத்தவர் வேலியோரம் நின்று பார்க்கலாம், உள்ளே இறங்க முடியாது. 1914-இல் ஃபுளுமினென்ஸ் என்ற மேட்டுக்குடி கிளப்புக்கு ஆடிய கலப்பினத்து வீரர் ஒருவர் முகத்தில் அரிசி மாவுப் பவுடர் பூசிக்கொண்டு வந்தார், வியர்வையில் அது வழிந்து நிறம் தெரிந்தது, எதிர் அணி ரசிகர்கள் 'அரிசி மாவு, அரிசி மாவு' என்று கத்தினார்கள் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அவர் முகச்சவரம் செய்தபின் வழக்கமாகப் பூசும் பவுடர்தான் அது என்று கிளப் தரப்பில் மறுப்பதும் உண்டு. எது எப்படியோ, நூறு ஆண்டு கடந்தும் அந்தக் கதை சாகவில்லை. நிறத்தை மறைத்தால்தான் உள்ளே வரலாம் என்ற நிலையை எல்லோரும் அறிந்திருந்ததால்தான் அது நிலைத்தது. நகரத்துக்குப் போய் வீடு வாடகைக்குக் கேட்கும்போது ஊர்ப் பெயரைச் சொன்னாலும் தெருப் பெயரைச் சொல்லாமல் விழுங்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சொல்

கருப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஆதரித்த அணி என்பதால் போன்டே பிரெட்டா ரசிகர்களை எதிரிகள் 'குரங்குகள்' என்று திட்டினார்கள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனபோதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. கருப்பினத்தவரை இழிவுபடுத்த உலகமெங்கும் பயன்படும் வசவு அது. இவர்கள் அதை மறுத்துக்கொண்டு நிற்கவில்லை. 'ஆமாம், நாங்கள் மக்காக்காதான்' என்றார்கள். மக்காக்கா என்றால் பெண் குரங்கு. அதையே அணியின் சின்னமாக்கினார்கள். கொடியிலும் பனியனிலும் சுவரிலும் குழந்தைகளின் தொப்பியிலும் அது ஏறியது. இன்று காம்பினாஸில் யாராவது 'மக்காக்கா இன்று ஆடுகிறது' என்று சொன்னால் அது பாசமாகச் சொல்வது.

தமிழ் படித்தவர்கள் நாம். சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டும் இல்லை என்று தெரியும். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொன்னால் தலை குனிவார்கள் என்று ஊர் நினைத்ததோ அதையே தலைப்பில் அச்சடித்துக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். காம்பினாஸ் ரசிகர்களுக்குச் சீனிவாசனைத் தெரியாது. அவருக்கு அந்த ரசிகர்களைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான் என்று அந்தப் பையன்களிடம் சொன்னோம்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்போ நாமளும் அவங்களக் குரங்குன்னு கூப்பிடலாமாண்ணே?"

கூடாது. இதற்குப் பதிலாக ஒரு கோல்கீப்பரின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அரான்யா என்பவர் போன்டே பிரெட்டாவில் ஆடிப் பேரெடுத்தவர். மக்காக்கா சின்னம் போட்ட சட்டையைப் பெருமையோடு அணிந்தவர். பிறகு சாண்டோஸ் அணிக்குப் போனார். 2014 ஆகஸ்டில் கிரேமியோ அணியின் மைதானத்தில் அவர் கோல் கம்பத்தருகே நின்றபோது, பின்னாலிருந்த கூட்டத்தில் சிலர் அவரைப் பார்த்துக் குரங்கு என்று கத்தினார்கள், குரங்கு போல ஒலி எழுப்பினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. நடுவரிடம் போனார், காவல்துறையில் புகார் கொடுத்தார். அடுத்த வாரமே கிரேமியோ அணி அந்தக் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது. சில வாரம் கழித்து லீக் ஆட்டத்துக்காக அதே மைதானத்துக்கு அரான்யா திரும்பிப் போனார். அங்கே கூடியிருந்தவர்கள் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளையிட்டார்கள். அவமானப்பட்டவன் புகார் கொடுத்தால் ஊருக்குக் கோபம் யார் மேல் வரும் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததா?

அதே சொல்தான். காம்பினாஸ் மைதானத்தில் அவர் காதில் விழுந்தபோது அது வீடு. அந்த மைதானத்தில் விழுந்தபோது அது கல். பிரேசிலில் 2023 ஜனவரியில் வந்த சட்டத் திருத்தம், ஒரு தனி மனிதரை இனத்தைச் சொல்லித் திட்டுவதையும் இனவெறிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. நம்மிடம் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதற்கும் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி இதே பகுதியில் பலமுறை எழுதிவிட்டோம்.

செங்கல் கொடுத்தவர்களின் மைதானம்

இந்த ரசிகர்கள் எதிர்பார்ப்பதைப் புரிந்துகொள்ள இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஆடுகிற மைதானத்தைக் கட்டியது அவர்களே. மொய்செஸ் லூக்கரெல்லி மைதானம் 1948 செப்டம்பர் 12-இல் திறக்கப்பட்டது. லூக்கரெல்லி உட்படச் சில ஆதரவாளர்கள் நிலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். ரசிகர்கள் செங்கல் தானம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மண் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள். முதல் ஆட்டத்தில் சொந்த அணி 0-3 என்று தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற அணிகளுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், இங்கே ரசிகர்களுக்கு ஓர் அணி இருக்கிறது என்று போன்டே பிரெட்டாக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. தாத்தா கொடுத்த செங்கல் எந்தச் சுவரில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவன், டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளன் மாதிரி பேச மாட்டான். நம் பக்கத்தில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கொத்தனார் வேலை தெரிந்தவர் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்த மன்றக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று சண்டை வருவது ஏன் என்று யோசித்தால் புரியும்.

தோல்விகளின் பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. 1977-ஐ மட்டும் சொல்லாமல் விட முடியாது. சாவோ பாவ்லோ மாநிலக் கோப்பையின் இறுதிச் சுற்றில் கொரிந்தியன்ஸ் அணியும் போன்டே பிரெட்டாவும் மோதின. கொரிந்தியன்ஸ் பிரேசிலின் மிகப் பெரிய அணிகளில் ஒன்று, ஆனால் 1954-க்குப் பிறகு அந்தக் கோப்பையை வெல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. நாடே அது ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் கொரிந்தியன்ஸ் வென்றது. அக்டோபர் 9-இல் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மொரும்பி மைதானத்தில் 1,46,082 பேர் கூடினார்கள். அந்த மைதானத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய கூட்டம் இல்லை. விழா எடுக்க வந்த கூட்டத்தின் முன்னால் போன்டே பிரெட்டா 2-1 என்று ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 13. தொடங்கிக் கால் மணி நேரத்தை ஒட்டி அணியின் முக்கிய முன்கள வீரர் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேரோடு நெடுநேரம் தாக்குப் பிடித்தார்கள். ஆட்டம் முடிய பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஒரு கோல். கோப்பை போயிற்று. வெளியேற்றப்பட்ட அந்த வீரர் மறு ஆண்டு கொரிந்தியன்ஸிலேயே சேர்ந்தார். அதில் சூது இருந்ததாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் காம்பினாஸில் அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும்.

2013 இன்னொரு விதம். தென்னமெரிக்க அளவிலான சுடமெரிகானா கோப்பையில் போன்டே பிரெட்டா இறுதிப் போட்டிக்குப் போனது. அரையிறுதியில் சாவோ பாவ்லோ என்ற பெரும் அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என்று அடித்தது. ஆனால் சொந்த ஊரில் பதிலாட்டம் ஆட முடியவில்லை, இறுதிப் போட்டியையும் ஆட முடியவில்லை. மைதானத்தில் போதுமான இருக்கைகள் இல்லை என்று விதி சொன்னது. ரசிகர்கள் செங்கல் சுமந்து கட்டிய மைதானம், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வந்த அந்த இரவுக்கு லாயக்கில்லை என்றாகிவிட்டது. வேறு ஊருக்கு, சாவோ பாவ்லோவின் பக்கேம்பு மைதானத்துக்கு, பஸ் பஸ்ஸாகப் போனார்கள். அங்கே 1-1. பிறகு அர்ஜென்டினாவில் லானுஸ் அணியிடம் 0-2. அதே ஆண்டு உள்நாட்டு லீகில் இரண்டாம் டிவிஷனுக்கும் இறங்கினார்கள். 2017-இல் இன்னொரு முறை முதல் டிவிஷனிலிருந்து இறக்கம், 2022-இல் மாநில லீகிலும் இறக்கம், 2024-இல் மூன்றாம் டிவிஷன். அங்கிருந்துதான் 2025 அக்டோபரில் ஏறி வந்திருக்கிறார்கள்.

நாற்பத்தைந்து

இப்போது அடுத்த சீசனுக்கு வருவோம்.

பிரேசில் இரண்டாம் டிவிஷனில் 20 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. கடைசி நான்கு அணிகள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கும். கிடைக்கக்கூடிய மொத்தப் புள்ளி 114. அதில் 45 எடுத்துவிட்டால் இறங்காமல் தப்பிக்கலாம் என்பது பிரேசில் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு. சிறிய அணிகளின் ரசிகர்கள் சீசன் தொடங்கியதுமே விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். இன்னும் 30, இன்னும் 22, இன்னும் 9. கோப்பையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

போன்டே பிரெட்டா ரசிகர்களின் முதல் எதிர்பார்ப்பும் இந்த 45-தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. வீரர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். கோப்பை வென்ற 2025-ஆம் ஆண்டிலேயே வீரர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது. கிளப்பின் பழைய கடன் கழுத்தை நெரிக்கிறது. கால்பந்தில் பழைய வீரருக்கோ வேறு கிளப்புக்கோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால், புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். தடை வந்தால் பயிற்சிக் கூடத்துப் பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அவர்களில் ஒருவன் நன்றாக ஆடினால் அடுத்த மாதமே கடனுக்காக விற்றுவிட வேண்டியிருக்கும். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கோல்கீப்பராக நின்ற வால்திர் பெரேஸ், 1986-இல் நின்ற கார்லோஸ், தடுப்பாட்டக்காரர் ஆஸ்கர், பின்னாளில் லூயிஸ் ஃபாபியானோ என்று இந்தச் சிறு கிளப்பிலிருந்து போனவர்கள் பலர். ஊர் வளர்த்துக் கொடுத்தது, கோப்பைகள் வேறு ஊரில் போய்ச் சேர்ந்தன.

ஆகவே அவர்கள் கேட்பது பெரிய நட்சத்திரங்களை அல்ல. சம்பளம் பாக்கி வைக்காதே, பையன்களை ஒரு சீசனாவது ஆட விட்டுப் பிறகு விற்றுக்கொள், கணக்கை மறைக்காமல் காட்டு. எந்தச் சங்கத்தின் பொதுக்குழுவிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்விகள்தான் இவை.

இதைவிடச் சிக்கலான ஒன்று, கிளப் யாருடையது என்பது. 2021 ஆகஸ்டில் பிரேசிலில் ஒரு சட்டம் வந்தது. அதுவரை உறுப்பினர்களின் சங்கங்களாக இருந்த கால்பந்து கிளப்புகள் கம்பெனிகளாக மாறி, பங்குகளை முதலீட்டாளர்களுக்கு விற்கலாம் என்று அது வழி திறந்தது. கடனில் மூழ்கிய கிளப்புகள் வரிசையில் நின்றன. சிறிய கிளப்பின் ரசிகரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. விற்றால் பணம் வரும், சம்பளம் வரும். ஆனால் செங்கல்?

வாஸ்கோ ட காமா கிளப்பின் கதையை இங்கே நினைக்க வேண்டும். கப்பலில் கோழிக்கோடு வந்தவர் பெயர்தான், கிளப் ரியோ நகரத்தில் இருக்கிறது. 1923-இல் கருப்பினத்தவரையும் கூலித் தொழிலாளிகளையும் வைத்து ஆடி ரியோ லீகை வென்றது. பெரிய கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. தனி லீக் ஒன்றைத் தொடங்கி, உங்கள் வீரர்களில் பன்னிரண்டு பேரை நீக்கினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றன. நிறத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. தொழில் சரியில்லை, படிப்பு இல்லை என்றன. 'தகுதி' என்ற சொல் எந்த நாட்டிலும் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 1924 ஏப்ரல் 7-இல் வாஸ்கோவின் தலைவர், அந்தப் பன்னிரண்டு பேரையும் விட்டுத்தர மாட்டோம், உங்கள் லீகே வேண்டாம் என்று கடிதம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தை இன்றும் அந்த ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட கிளப் 2022-இல் தன் கால்பந்துப் பிரிவின் 70 சதவீதத்தை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. இரண்டே ஆண்டில் அந்த நிறுவனமே நிதி நெருக்கடியில் தள்ளாடியது. 2024 மே மாதம் நீதிமன்றம் தலையிட்டு அதன் கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்தது. நூறு ஆண்டு முன்பு பன்னிரண்டு பேரை விட்டுக்கொடுக்காதவர்களால் கிளப்பையே காப்பாற்ற முடியவில்லை. காம்பினாஸில் விற்பனையைப் பற்றி யார் பேசினாலும் எதிரே ரியோ நிற்கும்.

கிளப்பை உறுப்பினர்களே வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கடனை ஏற்றி வைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நிர்வாகங்கள்தான். இன்னொரு குறையும் உண்டு. பிரேசில் கால்பந்தில் களத்தில் கருப்பினத்தவர் நிறைந்திருக்கிறார்கள், நாற்காலியில் இல்லை. 2019 அக்டோபரில் பஹியா அணியும் ஃபுளுமினென்ஸும் மோதியபோது இரண்டு பக்கமும் கருப்பினப் பயிற்சியாளர்கள் நின்றார்கள். முதல் டிவிஷனின் 20 அணிகளில் அந்த இருவர் மட்டும்தான் அப்படி. அவர்களில் ஒருவரான ரோஜர் மச்சாடோ, ஆட்டம் முடிந்ததும் கோல்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, நாட்டின் கட்டமைப்பிலேயே இனவெறி இருப்பதைப் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் பேசினார். போன்டே பிரெட்டா தன்னைக் கால்பந்தின் முதல் இனச் சமத்துவ கிளப் என்று சொல்லிக்கொள்கிறது. 1900-க்கு அது உண்மையாக இருக்கலாம். 2026-இல் தலைவர் அறையிலும் பயிற்சியாளர் நாற்காலியிலும் யார் என்று கேட்கிற உரிமையும் மக்காக்கா கொடி பிடித்தவர்களுக்கு உண்டு.

இன்னோர் எதிர்பார்ப்பைச் சொல்லாவிட்டால் காம்பினாஸ்காரர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். அதே ஊரில் இன்னொரு கிளப் இருக்கிறது, குவாரனி. 1911-இல் தொடங்கியது. 1978-இல் அது பிரேசிலின் தேசியச் சாம்பியன் ஆனது. பக்கத்துத் தெருக்காரன் நாட்டையே வென்றுவிட்டான், நம் வீட்டில் ஒரு கோப்பைகூட இல்லை என்பது போன்டே பிரெட்டா வீடுகளில் 47 ஆண்டு இருந்த வலி. 2024-இல் இரண்டு அணிகளும் சேர்ந்தே மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தன. போன்டே பிரெட்டா ஏறிவிட்டது, குவாரனி அங்கேயே இருக்கிறது. அடுத்த சீசனில் ஒரு படி மேலே நின்று குவாரனியைக் குனிந்து பார்க்க வேண்டும், அந்த இடத்திலிருந்து மறுபடியும் விழக் கூடாது. இதில் உயர்ந்த லட்சியம் எதுவும் இல்லை. ரசிகன் என்றால் கொஞ்சம் அற்பத்தனமும் வேண்டும்.

நாம் இவ்வளவையும் படித்துவிட்டுப் படிப்பகத்தில் சொன்னபோது, பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த 45 என்ற எண்தான். பாஸ் மார்க் மாதிரி என்று ஒருவன் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் போதும் என்று நம் பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! அக்கறையாகச் சொல்பவரும் உண்டு, 'உனக்கு இவ்வளவுதான்' என்று சொல்பவரும் உண்டு. இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான், குரல்தான் வேறு. போன்டே பிரெட்டா ரசிகன் தானே எண்ணுகிற 45-இல் நிறைய அனுபவம் இருக்கிறது. மேலே போய் விழுந்து எலும்பு முறிந்தவனின் ஜாக்கிரதை அது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் பெரிய கிளப்காரன் வந்து 'உங்களுக்கு 45 போதுமே' என்று சொன்னால், 1977-இல் மொரும்பியில் ஒன்றரை லட்சம் பேரை வாயடைக்க வைத்த அந்த ஒரு நாளைச் சொல்லி அவனை அனுப்பிவிட வேண்டும்.

பலகையில் கணக்குப் போட்டார்கள். 15 வெற்றி என்றால் 45. அல்லது 11 வெற்றி, 12 சமன். மீதி 15 ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை என்று ஒருவன் தாராளமாக விட்டுக்கொடுத்தான். மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் நிமிர்ந்து, "சரிண்ணே, மேல முதல் டிவிஷனுக்குப் போகணும்னா எத்தன வேணும்?" என்று கேட்டாள்.

வழக்கமாக அறுபதைத் தாண்ட வேண்டும் என்றோம். 45-க்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.